ஏசி எத்தனை டன் போடலாம்?

புது வீடு கட்டும் சொந்தக்காரர்கள் எனக்கு எந்தக் கட்டத்தில் போன் செய்வார்கள் என்று சொல்லிவிடுவேன். பூச்சு வேலை முடியும் தறுவாயில் எலக்ட்ரீஷியன் வந்து, "ஏசி பாயின்ட் எங்கெங்க வரணும்?" என்று கேட்பார் இல்லையா, அன்றைக்கு. நான் இன்ஜினியர் இல்லை. வெயில், காற்று, கரண்ட் பில் மூன்றையும் பற்றி வாய் ஓயாமல் பேசுகிறவன் என்று குடும்பத்துக்குள் ஒரு பெயர், அவ்வளவுதான். சமீபத்தில் கூப்பிட்டவன் என் மைத்துனன். திருச்சிக்கு வெளியே, மேற்குப் பார்த்த மனையில் தரைத்தளம் மட்டும் கட்டிக்கொண்டிருக்கிறான்.

"அத்தான், மாஸ்டர் பெட்ரூமுக்கு ஒன்றரை டன் போதுமா, ரெண்டு டன் போடணுமா?"

"மொட்டைமாடிக்கு மேல என்ன போடப் போற?"

"அது கெடக்கட்டும், மேஸ்திரி பாத்துக்குவாரு. நான் ஏசியப் பத்திக் கேக்குறேன் அத்தான்."

நானும் ஏசியைப் பற்றித்தான் கேட்டேன்.

முதலில் இந்த டன் கணக்கு. ஒரு டன் ஏசி என்றால் பெட்டியின் எடை ஒரு டன் என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு டன் பனிக்கட்டி ஒரு முழு நாளில் உருகி முடிய எவ்வளவு வெப்பத்தை இழுத்துக்கொள்ளுமோ, அந்த வேகத்தில் அறையிலிருந்து வெப்பத்தை வெளியே தள்ளினால் அது ஒரு டன். இன்றைய அளவில் சுமார் 3.5 கிலோவாட். பனிக்கட்டிக்கும் நமக்கும் பழைய உறவு உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் அறுத்த பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி மதராஸ் வரைக்கும் கொண்டுவந்து விற்றார் ஃபிரெடெரிக் டியூடர் என்ற வியாபாரி. அதை வைப்பதற்காக 1842-இல் கடற்கரையில் எழுந்த கிடங்குதான் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். வெள்ளைக்காரத் துரைமார்களின் வீடுகளில் அந்தப் பனி தண்ணீர்க் குவளைக்கும் காய்ச்சல் வந்த நெற்றிக்கும் போயிற்று. வீட்டையே பனிக்கட்டியால் குளிர்விக்க யாரும் நினைக்கவில்லை. கட்டுப்படியாகாது. வீட்டைக் குளிர வைக்கும் வேலையைக் கூரையும் தாழ்வாரமும் ஜன்னலும்தான் செய்தாக வேண்டும்.

இப்போது நம் மொட்டைமாடிக்கு வருவோம். மேகமில்லாத ஏப்ரல் நண்பகலில் ஒரு சதுர மீட்டர் தளத்தின்மேல் விழும் வெயில் ஏறக்குறைய 1,000 வாட். ஆயிரம் சதுர அடித் தளம் என்றால் 93 சதுர மீட்டர், ஆக 90 கிலோவாட்டுக்கு மேல். அத்தனையும் உள்ளே வந்துவிடாது. ஒரு பங்கைத் தளம் திருப்பி அனுப்பும், ஒரு பங்கைக் காற்று கொண்டுபோகும். ஆனால் ஒன்றும் போடாத சாம்பல் நிற கான்கிரீட் அந்த வெயிலில் 60 டிகிரியைத் தொடும். ஐந்து அங்குல சிலாப் வெப்பத்தை நன்றாகவே கடத்தும். குத்துமதிப்பாகக் கணக்குப் போட்டால், உச்ச நேரத்தில் சுமார் பத்து கிலோவாட் வெப்பம் கூரை வழியாக மட்டுமே கீழே இறங்குகிறது. மூன்று டன் ஏசியின் முழு உழைப்பும் அதை வெளியேற்றவே போய்விடும். வீட்டில் ஆள் இருக்கிறாரா இல்லையா என்றெல்லாம் அது பார்க்காது.

இதில் ஒரு சூது இருக்கிறது. அந்த வெப்பம் மத்தியானமே உள்ளே வந்துவிடுவதில்லை. கான்கிரீட் அதை வாங்கி வைத்துக்கொண்டு சில மணி நேரம் கழித்துத்தான் அடிப்பக்கமாக விடும். வெயில் தாழ்ந்து, வெளியே காற்று இதமாகி, தெருவில் நாற்காலி போட்டு உட்காருகிற நேரத்தில் படுக்கையறை கொதிக்கத் தொடங்குவது இதனால்தான். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் இன்னும் தாமதமாக விடும். மாலை நான்கு மணிக்கு மேற்குச் சுவர் வாங்கிய வெயில் இரவு பத்து மணிக்கு மேல் உங்கள் கட்டிலுக்கு வந்து சேரும். இரவு ஒன்பது மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறி உட்கூரையைத் தொட்டுப் பாருங்கள், புரியும். ஃபேனின் காற்று சூடாக வருகிறது என்று ஃபேனைத் திட்டுகிறோம். அந்தக் காற்று கூரையை உரசிவிட்டு வருகிறது.

ஆக, வெப்ப நாட்டில் ஒரு மாடி வீடு கட்டுகிறவர் கூரையை முடிக்காமல் ஏசியைப் பற்றிப் பேசுவதில் பொருளே இல்லை. என்ன செய்யலாம்?

மிக மலிவானது வெள்ளை. வெறும் சுண்ணாம்பு. கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கரைத்து, கொஞ்சம் வெள்ளை சிமென்ட்டும் பசையும் சேர்த்து இரண்டு மூன்று கோட் அடித்தால் போதும், வெயிலில் பெரும்பகுதியை வந்த வழியே அனுப்பிவிடும். தளத்தின் மேற்பரப்புச் சூடு நாற்பதுகளின் தொடக்கத்துக்கு வந்தால், மேலே சொன்ன பத்து கிலோவாட் பாதிக்கும் கீழே போய்விடும். ஒன்றிரண்டு மழைக்காலத்தில் பாசியும் தூசியும் ஏறி மங்கிவிடும் என்பதுதான் குறை. பங்குனி பிறந்ததும் மறுபடி அடிக்க வேண்டும். கடைகளில் கூல் ரூஃப் பெயின்ட் என்று விற்பது இதே வேலையைக் கூடுதல் நாளைக்குச் செய்கிறது. தெலங்கானா மாநிலம் 2023-இல் குளிர்கூரைக்கென்று தனிக் கொள்கையே கொண்டுவந்துவிட்டது.

அடுத்தது நம் ஊர் வெதரிங் கோர்ஸ். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, புளிக்க வைத்து, தளத்தின்மேல் கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் தட்டி இறுக்கி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, மேலே தட்டோடு பதிப்பார்கள். நன்றாகச் செய்தால் ஒரு தலைமுறைக்கு மேல் ஒழுகாது. இன்றைக்கு அந்தப் பொறுமைக்கு ஆளும் இல்லை, நாளும் இல்லை. வெறும் சிமென்ட் கலவையில் டைலை ஒட்டிவிட்டு அதையே வெதரிங் கோர்ஸ் என்று பில் போடுகிறார்கள். மழைக்கு அது சரி. சூட்டுக்கு அது இன்னொரு கல், அவ்வளவே.

புது வீடு என்றால் நான் பரிந்துரைப்பது, சிலாபுக்கு மேலே நீர்க்கசிவுத் தடுப்பு பூசி, அதன்மேல் எக்ஸ்பிஎஸ் அட்டை பரப்பி, மேலே ஒரு மெல்லிய கான்கிரீட், கடைசியில் வெள்ளை டைல். எக்ஸ்பிஎஸ் என்பது நெருக்கமான துளைகள் கொண்ட கெட்டித் தெர்மோகோல் இனம். ஆள் நடந்தால் நசுங்காது. மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2018-இல் வீடுகளுக்கென்று வெளியிட்ட எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்ற விதித் தொகுப்பில், கூரை ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 1.2 வாட்டுக்கு மேல் கடத்தக் கூடாது என்று இருக்கிறது. நம் வெற்று சிலாப் கடத்துவது அதைப்போல மூன்று மடங்கு. ஒரே ஒரு அங்குல எக்ஸ்பிஎஸ் போட்டால் விதிக்குள் வந்துவிடலாம், இரண்டு அங்குலம் போட்டால் விதியைப் பாதியாக்கிவிடலாம். அந்த விதிகள் பெரிய மனைகளையும் அடுக்குமாடிகளையும் குறிவைத்து எழுதப்பட்டவை, சின்ன வீட்டுக்காரரை யாரும் கேட்கப் போவதில்லை. வெயில் கேட்கும்.

அதைவிட எனக்குப் பிடித்தது நிழல். கூரைமேல் வெயில் விழவே இல்லை என்றால் அதைத் தடுக்கும் பேச்சே வேண்டாம். மொட்டைமாடியில் தகர ஷெட் போடுகிறவர்களைப் பார்த்து அழகு கெட்டது என்று முகம் சுளிப்போம். ஆனால் நாலு பக்கமும் திறந்த அந்த ஷெட் கீழ்வீட்டுக்குச் செய்யும் உபகாரம் பெரிது. தகரம் சூடாகும், இடையில் காற்று ஓடும், சிலாப் குளிர்ந்து கிடக்கும். சோலார் பேனலை எட்டடி உயரத்தில் தூக்கிக் கட்டினாலும் இதே பலன், கூடவே மின்சாரமும்.

மைத்துனன் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "ஃபால்ஸ் சீலிங் போட்டா குறையாதா அத்தான்?" என்றான். கொஞ்சம் குறையும். ஆனால் கொதிக்கும் சிலாபுக்கும் நமக்கும் நடுவே ஒரு ஜிப்சம் அட்டையைக் கட்டி, பத்தடி உயர அறையை ஒன்பதடியாக்கி, ஃபேனையும் தலைக்கு நெருக்கி, நடுவில் எலிக்கும் இடம் கொடுப்பதைவிட, சூட்டை மேலேயே நிறுத்துவது மேல்.

அடுத்து மேற்குச் சுவர். இங்கேதான் வாஸ்து வந்து உட்காரும். கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில் மாஸ்டர் பெட்ரூம் என்பது தமிழ்நாட்டில் மாற்ற முடியாத சட்டம். தெற்கையும் மேற்கையும் ஒருசேர வாங்குகிற அந்த மூலைதான் வீட்டிலேயே மாலை வெயில் அதிகம் குடிக்கும் இடம். இதைச் சொன்னால் சண்டை வரும் என்பதால் நான் சொல்வதில்லை. பதிலாக, வாஸ்துக்காரர் சொல்லும் இன்னொன்றைப் பிடித்துக்கொள்வேன்: தென்மேற்கு கனமாக இருக்க வேண்டும், திறப்பு குறைவாக இருக்க வேண்டும். ரொம்ப சரி. அப்படியானால் மேற்குச் சுவர் நெடுக கப்போர்டு அடித்துவிடுங்கள். புடவைகள் சூட்டைத் தாங்கிக்கொள்ளும். மேற்கில் ஜன்னல் வேண்டாம், தெற்கில் வைத்துக்கொள்ளலாம். சுவரை நாலரை அங்குலத்தில் எழுப்பாதீர்கள். ஏஏசி பிளாக் என்ற லேசான கல் கிடைத்தால் அந்தச் சுவருக்காவது அதைப் பயன்படுத்துங்கள்; செங்கல்லைப்போல மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வெப்பம் கடத்தும். ஊரில் ஹாலோ பிளாக் என்று சொல்லி விற்பதில் பாதிக்கு மேல் உள்ளே ஓட்டையே இல்லாத கெட்டிக் கல். வாங்கும் முன் புரட்டிப் பாருங்கள்.

தெற்கு ஜன்னல் என்று ஏன் சொன்னேன்? சூரியன் நமக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்பது பலருக்கும் பிடிபடுவதில்லை. சென்னையில் ஏப்ரல் நான்காம் வாரத்தில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் இருக்கும். அதிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி தாண்டும்வரை நண்பகலில் அது வடக்குப் பக்கம் சாய்ந்திருக்கும். ஐரோப்பியப் புத்தகத்தைப் பார்த்து வீடு கட்டினால் இந்த இடத்தில்தான் இடறும். அவர்களுக்குத் தெற்கு என்பது வெயிலை வரவேற்கும் திசை. நமக்குக் கொதிக்கும் மாதங்களில் தெற்குச் சுவர் கிட்டத்தட்ட நிழலில் இருக்கும். மார்கழியில்தான் தெற்கு வெயில் வரும், அதுவும் நல்ல உயரத்திலிருந்து வரும்; இரண்டடி சன்ஷேடு ஜன்னலின் பெரும்பகுதியை மறைத்துவிடும். ஆனால் கிழக்கு, மேற்கு வெயில் சாய்ந்து, சன்ஷேடுக்கு அடியில் புகுந்து, நேரே கட்டில்மேல் விழும். அதற்கு நிமிர்ந்து நிற்கும் மறைப்பு வேண்டும்: சுட்டமண் ஜாலி, மூங்கில் தட்டி, கொடி படர்ந்த பந்தல், இடம் இருந்தால் ஒரு புங்கமரம். உள்ளே திரைச்சீலை போடுவது கண்ணுக்குத்தான். கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட வெயில் திரையைச் சூடாக்கி, திரை அறையைச் சூடாக்கும்.

இந்த இடத்தில் எலிவேஷன் என்ற வியாதியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இப்போதைய பெட்டி மாடல் வீடுகளில் சன்ஷேடே இல்லை. அது இருந்தால் பழைய வீடு போலத் தெரிகிறதாம். முகப்பில் கறுப்புக் கல், தரையிலிருந்து தளம்வரை கண்ணாடி, நடுவில் ஒரு பட்டை எல்இடி விளக்கு. மேற்குப் பார்த்த மனைகளில் அந்த முகப்பு முழுவதும் மூன்று மணியிலிருந்து ஆறு மணிவரை சூரியனைப் பார்த்துக்கொண்டு நிற்கும். என் மைத்துனன் வீட்டு வரைபடமும் அப்படித்தான் இருந்தது. மழைச் சாரல் என்று ஒரு விஷயம் இருப்பதையும் இந்த வரைபடங்கள் மறந்துவிடுகின்றன. சன்ஷேடு இல்லாத ஜன்னலை மழையில் திறக்க முடியாது, ஐப்பசிப் புழுக்கத்தில் வீடு மூடிக்கிடக்கும்.

வெயிலைத் தடுப்பது பாதி. மீதிப் பாதி காற்று. கடலோரத்தில் அதுதான் முழுசும். மதுரை, சேலம் பக்கம் கோடையில் பகலுக்கும் இரவுக்கும் வெப்பநிலையில் நல்ல வித்தியாசம் இருக்கும். பகலில் ஜன்னலைச் சாத்தி, இரவில் திறந்து வீட்டை ஆறவிட்டால் கனமான சுவர்கள் மறுநாள் நண்பகல்வரை தாக்குப்பிடிக்கும். சென்னையில் அந்த வித்தியாசம் குறைவு, ஈரப்பதம் அதிகம். அங்கே உடம்பு குளிர்வது வேர்வை காய்வதால், வேர்வை காய்வது காற்று ஓடுவதால். கடல்காற்று மதியத்துக்குள் உள்ளே வந்த நாளுக்கும், வராமல் ஏமாற்றிய நாளுக்கும் உள்ள வித்தியாசம் சென்னைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

காற்று நுழைய ஒரு வழி இருந்தால் போதாது, வெளியேறவும் ஒரு வழி வேண்டும். முன்னே சொன்ன விதித் தொகுப்பு, நம் மாதிரிப் புழுக்கமான பகுதிகளில் திறக்கக்கூடிய ஜன்னல் பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்கட்டும் என்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு இருபது சதுர அடி. "எங்கள் ஜன்னல் அஞ்சுக்கு நாலு, சரியா இருக்கே" என்பீர்கள். அது ஸ்லைடிங் ஜன்னலாக இருந்தால் ஒரு நேரத்தில் பாதிதான் திறக்கும். கதவு போலத் திறக்கும் பழைய மரஜன்னலைக் கழற்றிவிட்டு யுபிவிசி ஸ்லைடிங் மாட்டுகிறவர்கள் வீட்டுக்கு வரும் காற்றில் பாதியை அன்றே விற்றுவிடுகிறார்கள். கூரைக்குக் கீழே இருந்த வென்டிலேட்டரும் போய்விட்டது. உயரமான கூரை குளிர்ச்சி என்பார்கள். மேலே ஏறிய சூடான காற்று வெளியேற அங்கே ஒரு துளை இருந்தால்தான் அந்த உயரத்துக்குப் பயன். மாடிப்படி ஹெட் ரூமில் நாலு பக்கமும் திறப்பு வைத்துப் பாருங்கள். இருபது அடி உயரப் புகைபோக்கி செலவில்லாமல் கிடைக்கும்.

இதையெல்லாம் செய்தபிறகும் வீடு புழுங்குவதற்கு நான் பார்த்தவரை ஒரே காரணம், கொசு. மாலை ஆறு மணி ஆனால் வீடெங்கும் ஜன்னல் படபடவென்று சாத்தப்படும். கூரையும் சுவரும் சூட்டை வெளியே விடத் தொடங்குகிற, வெளிக்காற்று குளிரத் தொடங்குகிற அதே நேரத்தில் வீட்டுக்கு மூடி போட்டுவிடுகிறோம். பிறகு ஏசி. ஏசி விற்பனை உயர்ந்ததற்கு வெயிலுக்கு இணையான பங்கு கொசுவுக்கும் உண்டு என்பது என் தனிப்பட்ட கட்சி. நம் ஊரில் ஆற்றல் சேமிக்கும் முதல் சாதனம் எது என்று கேட்டால் எல்லா ஜன்னலுக்கும், எல்லா வென்டிலேட்டருக்கும், பின்கட்டுக் கதவுக்கும் கொசுவலை என்பேன். வலை காற்றைக் கணிசமாகக் குறைக்கும்தான். அதற்காகத்தான் ஜன்னலைப் பெரிதாக வைக்கச் சொல்வது. திருட்டு பயத்துக்கு கிரில் இருக்கிறது. பக்கத்து வீட்டுச் சுவர் மூன்றடியில் நின்றால் மட்டும் என்னிடம் மருந்து இல்லை.

காற்றை நம்பிக் கட்டிய வீட்டுக்கு நம் பக்கத்திலேயே உலகத் தரமான ஓர் உதாரணம் இருக்கிறது. புதுச்சேரியில், ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்துக்காகக் கட்டப்பட்ட கோல்கொண்டே விடுதி. ஜப்பானில் இருந்து வேலை செய்துகொண்டிருந்த ஆன்டனின் ரேமண்ட் வரைந்தது. செக் நாட்டுக்காரரான ஃபிரான்டிசெக் சாமரும், பின்னாளில் மரச்சாமான்களுக்காகப் புகழ்பெற்ற ஜார்ஜ் நகாஷிமாவும் இங்கேயே தங்கி வேலையை நடத்தினார்கள். 1930-களின் பிற்பகுதியில் தொடங்கி, உலகப்போருக்கு நடுவே எழுந்த கட்டடம். இந்தியாவின் தொடக்க கால நவீன கான்கிரீட் கட்டடங்களில் ஒன்று.

அதில் என்ன விசேஷம் என்றால், நீண்ட பக்கங்கள் இரண்டும் வடக்கும் தெற்கும் பார்க்கின்றன. கிழக்கிலும் மேற்கிலும் வெயிலுக்குக் காட்ட ஒல்லியான முனைதான். ஆழம் ஓர் அறையும் ஒரு நடையும் மட்டுமே. ஜன்னல் என்று தனியாக ஒன்றும் கிடையாது. அந்த நீண்ட பக்கங்கள் முழுக்கவே தரையிலிருந்து கூரைவரை படுக்கைவசமாகத் திருப்பக்கூடிய பலகைகள். வெயில் வந்தால் சாய்க்கலாம், மழை வந்தால் இன்னும் சாய்க்கலாம், அப்போதும் காற்று வரும். அறைக்கும் நடைக்கும் நடுவே உள்ள தேக்குக் கதவுகளும் சட்டம் சட்டமாக இடைவெளி விட்டவை. சாத்தினாலும் காற்றை மறிப்பதில்லை. கூரைமேல் வளைந்த கான்கிரீட் ஓடுகள் இடைவெளி விட்டு இன்னொரு கூரையாக நிற்கின்றன. ஒரு பக்கத் தோட்டம் அடர்ந்த நிழல், மறுபக்கம் திறந்த வெளி. சூட்டு வித்தியாசத்தில் காற்று தானே நடக்கிறது. ஏசி இல்லாமல் இத்தனை வருடம் மனிதர்கள் அங்கே தங்கி வருகிறார்கள். இதில் எதுவும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. ஆனால் எல்லாம் வரைபடத்தாளில் முடிவான விஷயங்கள். பூச்சு வேலை முடிந்தபிறகு வாங்கி மாட்ட முடியாதவை.

செட்டிநாட்டு வீட்டைச் சொல்லவில்லையே என்று யாராவது கேட்பார்கள். அழகுதான். ஆனால் ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்ட மனையை வைத்துக்கொண்டு அவர்கள் செய்ததை அரை கிரவுண்டில் நாம் செய்ய முடியாது. நாலு தேக்குத் தூணை வாங்கி ஹாலில் நட்டு, முற்றம் என்ற பெயரில் ஒரு சதுரத்தை விட்டு, காக்கை எச்சம் விழுகிறது என்று அதன்மேல் பாலிகார்பனேட் ஷீட் போட்டு மூடுகிறார்கள். சூடு உள்ளே வரும், காற்று வெளியே போகாது. அதற்கு முற்றம் இல்லாமலே இருக்கலாம்.

இனி ஏசி. நான் ஏசிக்கு எதிரி இல்லை. மே மாதத்தில் வயதானவர்களும் கைக்குழந்தையும் உள்ள வீட்டில் அது மருந்து மாதிரி. என் வாதம் வேறு. திறந்த வீடும் மூடிய வீடும் எதிரெதிர் ஜாதி. திறந்த வீட்டுக்குப் பெரிய ஜன்னல், துளைகள், குறுக்குக் காற்று வேண்டும். ஏசி வீட்டுக்கு நேர் எதிராக, ஓட்டை ஒழுக்கு இல்லாத பெட்டி வேண்டும். நாம் கட்டுவது இரண்டும் கெட்டான். காற்றுக்குப் போதாத ஜன்னல், ஆனால் அதன் ஸ்லைடிங் இடுக்கு வழியாக இரவெல்லாம் ஈரக்காற்று உள்ளே கசியும். கதவுக்கு அடியில் ஒரு விரல் நுழையும். ஏசியின் உழைப்பில் ஒரு பங்கு அந்த ஈரத்தைத் தண்ணீராக்கி வெளியே சொட்ட விடுவதிலேயே போகிறது.

அதனால் நான் சொல்வது: வீட்டை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஹால், சமையலறை, சாப்பாட்டு இடம் எல்லாம் திறந்த வீடு. ஒரே ஒரு படுக்கையறை மட்டும் மூடிய பெட்டி. அந்த அறைக்குக் கூரையில் இரண்டு அங்குல எக்ஸ்பிஎஸ், சுவருக்கு ஏஏசி, ரப்பர் பட்டை வைத்து இறுக்கமாகச் சாத்தும் ஜன்னல், கதவுக்கு அடியில் பிரஷ் பட்டை. அதில் ஒரு டன் இன்வெர்டர் ஏசி தாராளம். ரெண்டு டன் போட்டால் வேகமாகக் குளிரும், ஈரத்தை எடுப்பதற்குள் நின்றுவிடும். குளிராகவும் பிசுபிசுப்பாகவும் ஒரு அறை கிடைக்கும். பதினெட்டில் வைத்துக்கொண்டு போர்வைக்குள் புகுவதை விட்டுவிட்டு, இருபத்தாறில் வைத்து ஃபேனையும் போட்டுப் பாருங்கள். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்று எரிசக்தித் திறன் பணியகமே சொல்கிறது. 2020 முதல் புது ஏசிகள் போட்டதும் 24-இல் தொடங்க வேண்டும் என்று விதியும் வைத்திருக்கிறது. அகமதாபாத்தில் உள்ள செப்ட் பல்கலைக்கழகத்தின் ஆய்வு, ஜன்னல் திறந்த கட்டடங்களில் இருக்கும் இந்தியர்களுக்கு வெயில் காலத்தில் 28 டிகிரிக்கு மேலும் உறுத்தலாக இருப்பதில்லை என்று காட்டியது. கோட்டு போட்ட வெள்ளைக்காரருக்காக வைத்த எண்ணை நாம் ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும்?

ஃபேன் அறையைக் குளிர்விப்பதில்லை, ஆளைத்தான் குளிர்விக்கிறது. ஆள் இல்லாத அறையில் ஓடும் ஃபேன் ஒரு சின்ன ஹீட்டர். பழைய ஃபேன் 75 வாட் வாங்கும், பிஎல்டிசி ஃபேன் 30 வாட்டில் அதே காற்றைத் தரும். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் ஒரு ஃபேனுக்கு இரண்டு மாத பில்லில் 40 யூனிட் மிச்சம். நாலு ஃபேனுக்கு 160. தமிழ்நாட்டு பில்லில் இது வெறும் எண் இல்லை. முதல் 100 யூனிட் இலவசம். இரண்டு மாதத்துக்கு 500-ஐத் தாண்டிவிட்டால் கீழே உள்ள யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கும் விலை ஏறிவிடும். 510 வந்த வீட்டுக்கும் 490 வந்த வீட்டுக்கும் பில்லில் உள்ள தூரம் இருபது யூனிட்டின் தூரம் இல்லை.

சோலாரைக் கடைசியில் வைத்தேன். தமிழ்நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் நாளுக்கு நாலு யூனிட் தரும். மூன்று கிலோவாட் போட்டால் மத்திய அரசின் 2024 திட்டத்தில் 78,000 ரூபாய் மானியமும் உண்டு. நல்ல விஷயம். ஆனால் கூரை ஒழுங்காக இருக்கும் வீட்டுக்கு மூன்று கிலோவாட்டே மிஞ்சும், கொதிக்கும் வீட்டுக்கு ஐந்தும் பற்றாது. மைத்துனன் இப்போது எக்ஸ்பிஎஸ்ஸுக்கு ஒத்துக்கொண்டிருக்கிறான், பேனலை உயரத்தில் தூக்கிக் கட்டவும் சம்மதம். முகப்புக் கண்ணாடிக்கு முன்னால் ஜாலி வைக்கும் பேச்சு மட்டும் அவன் மனைவியிடம் நிலுவையில் இருக்கிறது. மேஸ்திரி என்மேல் கோபமாக இருப்பதாகக் கேள்வி.

வாடகை வீட்டில் இருக்கிறவர்களுக்கு இதில் பாதி கைக்கு எட்டாது என்பது தெரியும். மேல்மாடியில் குடியிருந்தால் ஓனரிடம் கேட்டு மொட்டைமாடிக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொள்ளுங்கள்; அவர் காசு தராவிட்டாலும் ஒரு கோடையில் மனசு ஆறும். ஒட்டிப் பிரிக்கும் வெல்க்ரோ கொசுவலை ஆணி அடிக்காமல் நிற்கும். மேற்கு ஜன்னலுக்கு மூங்கில் தட்டியை உள்ளே தொங்கவிடாமல் வெளியே கிரில்லில் கட்டுங்கள். பிஎல்டிசி ஃபேனைத் தைரியமாக வாங்கலாம், காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம். கழற்றிய பழைய ஃபேனைப் பரணில் பத்திரமாக வைத்திருங்கள். அட்வான்ஸைத் திருப்பித் தரும்முன் ஹவுஸ் ஓனர் முதலில் கேட்பது அதைத்தான்.